கச்சேரியில் காதை அடைப்பது எதற்கு? இயர்பிளக் பற்றி ஓர் எளிய அறிமுகம்

பெரிய மைதானத்தில் மூன்று மணி நேர இசை நிகழ்ச்சி. முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் காது அடைத்துக்கொண்டது தெரிகிறது. கூட வந்தவர் சாதாரணமாகப் பேசினாலும் "என்ன?" என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துப் படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்று விடாமல் ஒரு சத்தம். காலையில் எழுந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "செம சவுண்டு!" என்று நிகழ்ச்சியின் பெருமைகளில் ஒன்றாகவே சேர்த்துவிடுகிறோம்.

அந்த 'ஙொய்' உள்காது அளவுக்கு மேல் அடி வாங்கியதன் அடையாளம். அதைத் தவிர்க்க இசையை விட்டுவிட வேண்டியதில்லை, கடைசி வரிசைக்கு ஓட வேண்டியதும் இல்லை. காதுக்குழாயில் செருகிக்கொள்ளும் குட்டி அடைப்பானான இயர்பிளக் ஒரு ஜோடி போதும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் இயர்பிளக் என்றால் சத்தமே கேட்காமல் செய்யும் பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விமானத்தில் தூங்குபவர்களும், அறைத்தோழர் குறட்டை விடும் ஹாஸ்டல்வாசிகளும் அப்படித்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். கச்சேரியில் அதன் வேலை வேறு. வால்யூமைக் கொஞ்சம் குறைப்பது மட்டும்தான். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். அதற்கு முதலில் டெசிபல் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்கிறார்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுமார் வரும். இந்த அளவுகோல் நாம் பழகிய கிலோ, மீட்டர் மாதிரி நேராக ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. நம் காதுக்கு அது அப்படித் தெரிவதில்லை என்பதுதான் வம்பு. 3 டெசிபல் ஏறினால் 'லேசா ஏத்தியிருக்காங்க போல' என்றுதான் தோன்றும். உள்ளே போகும் சக்தியோ இரட்டிப்பாகியிருக்கும்.

இதை வைத்துத்தான் பாதுகாப்பான நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு பற்றி ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் 15 நிமிடம்தான்.

பெரிய ஸ்பீக்கர் அடுக்குகளுக்கு அருகே 100 டெசிபலைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். அங்கே மூன்று மணி நேரம் நின்றால் 180 நிமிடம். 15 நிமிடம் ஒரு நாள் பங்கு என்றால், பன்னிரண்டு நாள் பங்கை ஒரே ராத்திரியில் செலவழித்துவிட்டு வருகிறோம். இது நாற்பது வருடம் தினமும் இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்காகப் போட்ட கணக்கு, வருடத்துக்கு ஒரு கச்சேரிக்குப் போகிறவருக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் பொழுதுபோக்குக்கென்று உலக சுகாதார நிறுவனம் தனியாகப் போட்ட கணக்கும் பெரிய சலுகை எதையும் தரவில்லை. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது அதன் அடிப்படை. அதன்படி 100 டெசிபலுக்குக் கிடைப்பது வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 20 நிமிடம்.

இப்போது அந்த 100 டெசிபல் இடத்தில் 12 டெசிபலைக் குறைக்கும் ஓர் இயர்பிளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் போவது 88. நியோஷ் கணக்கில் 15 நிமிடம் 4 மணி நேரமாகிவிட்டது. முழு நிகழ்ச்சியையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பாட்டு அப்போதும் நல்ல சத்தமாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். 88 டெசிபல் ஒன்றும் முணுமுணுப்பு இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது

காதுக்குழாய் வழியாகப் போகும் ஒலி செவிப்பறையை அதிரவைக்கிறது. மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு மாதிரி சுருண்ட, திரவம் நிறைந்த காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் வரிசை வரிசையாக மயிர்ச் செல்கள். ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. இவற்றின் உச்சியில் உள்ள நுண்ணிய இழைகள் அசையும்போதுதான் மூளைக்குச் செய்தி போகிறது. நாம் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் இந்தப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் செல்களின் தயவில்தான்.

பலத்த சத்தத்தில் இந்த இழைகள் மழையில் சாய்ந்த நெற்பயிர் போலச் சாய்கின்றன. லேசான மழை என்றால் இரண்டு நாள் வெயிலில் பயிர் நிமிர்ந்துவிடும். தாள் ஒடிந்துவிட்டால் நிமிராது. கச்சேரி முடிந்த இரவின் காதடைப்பும் காலையில் அது விலகுவதும் முதல் வகை. செல்லே செத்துப்போவது இரண்டாவது வகை. செத்த மயிர்ச் செல் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும், மீன்களுக்கும் முளைக்கும். பாலூட்டிகளுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

அதுதான் காலையில் சரியாகிவிடுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2009இல் வெளியிட்ட எலி ஆய்வு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. எலிகளுக்குச் சில நாள் மட்டும் கேட்கும் திறன் குறைந்து மறுபடி பழைய நிலைக்கு வரும் அளவுக்குச் சத்தம் கொடுத்தார்கள். திறனும் திரும்பியது, மயிர்ச் செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அந்தச் செல்களுக்கும் நரம்புக்கும் இடையே உள்ள இணைப்புகளில் பெரும்பங்கு நிரந்தரமாக அறுந்துபோயிருந்தது. சாதாரணக் காது பரிசோதனையில் இது தெரியாது. அமைதியான அறையில் 'பீப்' சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை அது, அதில் பாஸாகிவிடலாம். மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனாலும் காலையில் சரியாகிவிட்டதாலேயே சேதம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது.

இரைச்சலால் வரும் கேட்கும் குறைபாடு பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர் அதிர்வெண்களில், அதாவது கீச்சென்ற ஒலிகளில்தான் தொடங்கும், அதிலும் குறிப்பாக 4000 பக்கத்தில். இதற்குக் காதின் அமைப்பே ஒரு காரணம். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக்குழாய், 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தானாகவே கூட்டி உள்ளே அனுப்புகிறது. அதனால் அந்தப் பகுதிச் செல்களுக்கு அடி அதிகம்.

பேச்சில் உயிரொலிகள் கீழ் அதிர்வெண்களில் பலமாக இருக்கின்றன. மெய்யொலிகளை, அதிலும் ச, ட, த, க போன்றவற்றைப் பிரித்துக்காட்டும் நுணுக்கம் மேலே இருக்கிறது. மேல்பகுதி போய்விட்டால் பட்டு, தட்டு, கட்டு, சட்டு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். 'சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல' என்று வயதானவர்கள் சொல்வது இதனால்தான். இரைச்சலில் திளைத்த காதுக்கு அந்த நிலை முப்பதிலோ நாற்பதிலோ வந்துவிடலாம்.

காதுக்கென்று இயற்கை வைத்த ஒரு தடுப்பும் உண்டு. பலத்த சத்தம் கேட்டதும் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இறுகி எலும்புகளின் அசைவைக் குறைக்கும். பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில்தான் அதற்குப் பலன், சத்தம் நீடித்தால் அதுவும் களைத்துவிடும். பட்டாசு மாதிரி திடீர்ச் சத்தத்துக்கு அது இறுகுவதற்குள் சத்தமே முடிந்திருக்கும்.

ஆம்ஸ்டர்டாம் மைதானத்தில் ஒரு சோதனை

இயர்பிளக் உண்மையிலேயே உதவுகிறதா என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசைவிழாவுக்கு 51 தன்னார்வலர்களை ஆராய்ச்சியாளர்கள் அழைத்துப் போனார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, 25 பேருக்கு இயர்பிளக், 26 பேருக்கு எதுவும் இல்லை. நான்கரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். முன்னும் பின்னும் கேட்கும் திறனை அளந்தார்கள். இயர்பிளக் இல்லாதவர்களின் காதுகளில் 42 சதவீதத்தில் தற்காலிகக் குறைவு தெரிந்தது. போட்டவர்களிடம் 8 சதவீதம். நிகழ்ச்சிக்குப் பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டது, இல்லாதவர்களில் 40 சதவீதம் பேருக்கு, போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு.

எட்டு சதவீதம் என்பது பூஜ்ஜியம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது ஏன் பூஜ்ஜியமாகவில்லை என்று ஊகிக்க, ஒரு கச்சேரியில் இயர்பிளக் போட்டிருப்பவர்களின் காதைச் சற்று உற்றுப் பார்த்தாலே போதும். பாதி பேருக்கு அது குழாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு வருகிறேன். முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம்.

ஃபோம், சிலிக்கான், ஃபில்டர்

மலிவானது ஃபோம். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில், பஞ்சணை போல அமுங்கும் உருளை. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். இதன் குறை, மேல் அதிர்வெண்களை அதிகமாகவும் கீழ் அதிர்வெண்களைக் குறைவாகவும் வெட்டுவது. டிரம்ஸும் பேஸும் 'தும் தும்' என்று வந்துகொண்டே இருக்கும், பாடகரின் சொல், சிம்பலின் சிலிர்ப்பு, வயலினின் கூர்மை எல்லாம் மங்கிவிடும். 'காதை அடைச்சுக்கிட்டுக் கச்சேரி கேக்கறதா?' என்ற கேள்வி ஃபோம் போட்டுப் பார்த்தவர்களிடமிருந்து வந்தால் அது நியாயமான கேள்விதான்.

இதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவின் எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தார். காதுக்குழாய் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தை இயல்பாகவே கூட்டிக் கொடுக்கிறது என்று பார்த்தோம் அல்லவா? குழாயை எதைக் கொண்டு அடைத்தாலும் அந்தக் கூட்டல் போய்விடும். ஃபோம் மங்கலாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே ஒலியைக் குறைக்கிற அதே சமயம் இழந்த அந்தக் கூட்டலைத் திருப்பித் தரும் ஒரு சின்ன ஃபில்டரை எல்மர் கார்ல்சன் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அதை வைத்து மீட் கில்லியனின் எடிமோட்டிக் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த ஈஆர்-15, எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் குறைத்தது. பாட்டின் நிறம் மாறாது, சத்தம் மட்டும் இறங்கும். இசைக் கலைஞர்களுக்கான இயர்பிளக் என்ற வகையே இதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஈஆர்-15ஐக் காதின் அச்சு எடுத்துச் செய்ய வேண்டும். கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் போனால், காதுக்குள் மாவு போன்ற ஒரு பொருளைச் செலுத்தி அச்சு எடுத்து, பிறகு அதற்கேற்ற உறையில் ஃபில்டரைப் பொருத்துவார்கள். 9, 15, 25 டெசிபல் என மாற்றிக்கொள்ளும் ஃபில்டர்கள் உண்டு. வாரந்தோறும் மேடையில் இருப்பவருக்கு இந்தச் செலவு தகும். ரசிகருக்கு அவ்வளவு தேவையில்லை. அச்சு எடுக்காமலே பெரும்பாலான காதுகளுக்குப் பொருந்தும் சிலிக்கான் வகைகள் வந்துவிட்டன. எடிமோட்டிக்கே ஈஆர்20 என்று ஒன்றை விற்கிறது. நெதர்லாந்தின் ஆல்பைன், பெல்ஜியத்தின் லூப் போன்ற நிறுவனங்களுடையவையும் பரவலாகக் கிடைக்கின்றன. சில ஆயிரம் ரூபாய் ஆகும், கழுவிக் கழுவிப் பல வருடம் போடலாம். அடிக்கடி கச்சேரிக்குப் போகிறவர் நேராக இதற்கே போய்விடுவது நல்லது என்பது என் எண்ணம். மலிவான ஃபோமில் தொடங்கி, பாட்டு மங்கலாக இருக்கிறது என்று அலுத்துப்போய் இயர்பிளக்கையே கைவிட்டவர்கள் நிறைய.

பெட்டியின் மேல் என்ஆர்ஆர் அல்லது எஸ்என்ஆர் என்று ஓர் எண் இருக்கும். முன்னது அமெரிக்க முறை, பின்னது ஐரோப்பிய முறை. இரண்டும் ஆய்வகத்தில் அளந்த தடுப்பளவு. 3எம் நிறுவனத்தின் 1100 என்ற ஃபோம் பிளக்குக்கு என்ஆர்ஆர் 29. அதற்காகக் கச்சேரியில் 29 குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வகத்தில் ஒழுங்காகப் போட்டார்கள், நாம் போடுவதில்லை. ஆகவே எண்ணில் 7ஐக் கழித்து மீதியை இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள் என்பது அமெரிக்கத் தொழிலகங்களில் புழங்கும் ஒரு வழி. 29இல் 7 போனால் 22, அதில் பாதி 11. அந்த 11 கிடைத்தாலே 100 டெசிபல் கச்சேரி 89க்கு இறங்கிவிடும்.

பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம் மாதிரி தோன்றும். கச்சேரியைப் பொறுத்தவரை அப்படி இல்லை. அதிகமாக அடைத்துக்கொண்டால் பாட்டு சரியாகக் கேட்காது, கேட்காவிட்டால் கழற்றுவோம். கழற்றுவதன் விலை நாம் நினைப்பதைவிட மிக அதிகம். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் 30 டெசிபல் குறைக்கும் பிளக்கைப் போட்டுக்கொண்டு, நடுவில் 18 நிமிடம் மட்டும் கழற்றிவைத்தீர்கள் என்று வையுங்கள். மொத்தத்தில் உங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு 10 டெசிபல்தான். ஏனென்றால் அந்த 18 நிமிடத்தில் உள்ளே போன சக்தி மற்ற நேரம் முழுவதும் போனதைப் போலப் பல மடங்கு. 15 டெசிபல் பிளக்கை முழு நேரமும் போட்டிருந்தவர் உங்களைவிட நல்ல நிலையில் வீட்டுக்குப் போகிறார். உங்களுக்குப் பிடித்த பாட்டு வரும்போது கழற்றிக் கேட்கலாம் என்ற யோசனை இருந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளவும். பிடித்த பாட்டுக்குத்தான் சவுண்டையும் ஏற்றுவார்கள்.

போடும் விதம்

ஃபோம் பிளக்கை பாட்டில் கார்க் மாதிரி அப்படியே அழுத்திச் செருகுவதுதான் எல்லோரும் செய்வது. அது வாசலில் நிற்கும், உள்ளே போகாது. தடுப்பும் ஒன்றும் இருக்காது.

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, அகர்பத்தி உருட்டுகிற மாதிரி மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக்குங்கள். மடிப்பு விழுந்தால் அதன் வழியே ஒலி புகுந்துவிடும். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், வலது காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் வளைந்தது, இப்படி இழுத்தால்தான் நேராகும். இழுத்தபடியே குச்சியை உள்ளே விட்டு, விரல்நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஃபோம் மெல்ல விரிந்து குழாயை நிறைப்பதை உணர முடியும். சுற்றியுள்ள சத்தம் படிப்படியாகப் பின்வாங்கும். அரை நிமிடம் ஆகும்முன் விரலை எடுத்தால் பிளக் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்டுவிடும். இதை இரண்டு மூன்று முறை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம், மைதானத்து நெரிசலில் முதல்முறை முயன்றால் தரையில்தான் விழும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சத்தமான இடத்தில் இரு உள்ளங்கையாலும் காதை மூடி மூடித் திறந்து பாருங்கள். மூடினாலும் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்டால் பிளக் நன்றாக அமர்ந்திருக்கிறது. மூடும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

சிலிக்கான் வகைக்கு உருட்டல் கிடையாது. காதை அதே மாதிரி இழுத்து, லேசாகத் திருகியபடி செலுத்தினால் போதும். எந்த வகையானாலும் கழற்றும்போது வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. குழாய்க்குள் காற்று உறிஞ்சப்பட்டுச் செவிப்பறை வலிக்கும். மெல்லத் திருகி எடுக்கவும்.

போட்டதும் உங்கள் குரலே உங்களுக்கு முழங்குவதாகத் தோன்றும். எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் குழாய்க்குள் சிக்குவதால் அப்படி. கூடவே பாடும் பழக்கமுள்ளவர்களுக்கு இது முதலில் தொல்லையாக இருக்கும், பிளக்கைச் சற்று ஆழமாகச் செலுத்தினால் குறையும். இன்னொரு விளைவு வேடிக்கையானது. தன் குரல் பெரிதாகக் கேட்பதால் பிளக் போட்டவர் தன்னை அறியாமல் மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அதே நேரம் எதிராளி பேசுவது அவருக்கு முன்னைவிடத் தெளிவாகவே கேட்கலாம். சத்தமும் பேச்சும் சேர்ந்து குறைவதால் காது திணறாமல் பிரித்தெடுக்கிறது.

பஞ்சு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் சில டெசிபலுக்கு மேல் தடுப்பதில்லை. போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்கவைப்பதால் இல்லாததைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். விரலால் காதை அழுத்தி மூடுவது இவற்றைவிட எவ்வளவோ மேல். மூன்று மணி நேரம் அப்படி நிற்க முடியாது என்பதுதான் சிக்கல்.

கல்யாண மண்டபமும் கணக்கில் சேரும்

கச்சேரி என்றதும் மைதான நிகழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம்மில் பலர் ஆண்டு முழுவதும் வாங்கும் இரைச்சலில் பெரும்பங்கு கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு கொடுப்பது. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், மேடைக்கு இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர். மொய் எழுதுபவர் பெயரை மூன்று முறை கேட்பார். பெண்ணின் மாமா காதோரம் குனிந்து "சாப்ட்டீங்களா?" என்று கத்துவார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபலைத் தாண்டியிருக்கிறது என்று ஏறக்குறைய நம்பலாம். கருவி எதுவும் வேண்டாத அளவுமானி அது. கருவிதான் வேண்டும் என்றால் ஐபோனுக்கு நியோஷ் வெளியிட்ட இலவச செயலி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் வேறுபடுவதால் காட்டும் எண்ணை உத்தேசமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திறந்தவெளியில் ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும். பெரிய நிகழ்ச்சிகளில் செங்குத்தாகத் தொங்கவிடும் ஸ்பீக்கர் வரிசைகள் தூரத்துக்கும் சத்தத்தைக் கொண்டுசேர்க்கவே செய்யப்பட்டவை, அங்கே குறைவது அதைவிடக் கம்மி. மூடிய மண்டபத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துகொள்வதால் பின்னால் போயும் பெரிய பயன் இல்லை, சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்விடுவதுதான் வழி. மைதானத்தில் எங்கே நிற்பது என்று கேட்டால், சவுண்ட் இன்ஜினியரின் மிக்சர் மேசைக்கு அருகில் என்பேன். அவர் அங்கே கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சமன் செய்கிறார், அதனால் பாட்டு அங்கேதான் ஒழுங்காகவும் கேட்கும்.

சபா கச்சேரிகளுக்கு இயர்பிளக் பெரும்பாலும் தேவைப்படாது. தவிலும் நாகஸ்வரமும் மூடிய கூடத்தில் பக்கத்திலேயே ஒலிக்கும்போது, செண்டை மேளம் கல்யாண ஊர்வலத்தில் வரும்போது, உறுமியோ பறையோ இரண்டடி தூரத்தில் முழங்கும்போது கதை வேறு. மைக்கே இல்லாமல் மைதானம் தாண்டிக் கேட்க வேண்டும் என்று பிறந்த வாத்தியங்கள் அவை.

ரசிகரைவிட ஆபத்தில் இருப்பது அங்கே வேலை பார்ப்பவர்கள். வாசிப்பவர்கள், சவுண்ட் செட் போடுபவர்கள், மேடையோரம் நிற்கும் பாதுகாவலர்கள், முகூர்த்த மாதம் முழுவதும் மண்டபத்திலேயே பரிமாறுபவர்கள். மின்சார வாத்தியம் இல்லாத இசைக்குழுவிலும் இது நடக்கும். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012இல் வாக்னரின் இசைநாடக ஒத்திகையின்போது பித்தளைக் காற்றுக்கருவிகளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா கலைஞர் ஒருவரின் காது கெட்டது. உச்ச அளவு 137 டெசிபல் பதிவாகியிருந்தது. அவர் வழக்குப் போட, 2018இல் லண்டன் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ரசிகர்களுக்கென்றும் சில நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. பிரான்ஸில் 15 நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 93ஐத் தாண்டும் நிகழ்ச்சிகளில் இயர்பிளக்கை இலவசமாகத் தர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலை உச்சவரம்பாகச் சொல்கிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன, பொது இடத்தின் எல்லையில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன. அது எல்லைக்கு வெளியே தூங்க முயல்பவர்களுக்கான பாதுகாப்பு. உள்ளே டிக்கெட் வாங்கி நிற்பவரின் காது அவர் பொறுப்பு.

குழந்தைகளைக் கூட்டிப்போனால் இயர்பிளக் வேண்டாம். சின்னக் குழாயில் சரியாக அமராது, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஹெட்போன் வடிவில் காதை முழுவதும் மூடும் இயர்மஃப் குழந்தை அளவிலேயே கிடைக்கிறது. காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், அண்மையில் காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் உள்ளே விடக் கூடாது. குறும்பி அதிகம் சேரும் காது என்றால் பிளக் அதை மேலும் உள்ளே தள்ளி அடைத்துவிடலாம், முன்பே ஈஎன்டி டாக்டரிடம் சுத்தம் செய்துகொள்ளலாம். ஃபோமை ஒன்றிரண்டு முறைக்கு மேல் போட வேண்டாம். சிலிக்கானைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே டப்பாவில் மூடுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பிறகும் காது அடைப்போ 'ஙொய்' சத்தமோ வந்தால் அன்றும் மறுநாளும் காதுக்கு ஓய்வு கொடுங்கள், இயர்போன் உட்பட. இரண்டு நாளில் விலகாவிட்டால் ஈஎன்டி டாக்டரிடம் போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் இரண்டு நாள்கூடக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள், முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பலன் அதிகம்.